குழந்தையின் பாலும் உணவும் பாதுகாப்புச் சோதனையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் நான். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் ஏதோ கடத்தல் பொருளைக் கொண்டுவருவதுபோலப் பால் புட்டியைத் துணிகளுக்கு அடியில் மறைத்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது. அந்தப் பாலை எடுத்துச் செல்ல அவர்களுக்கு அனுமதி உண்டு. ஒளிப்பதால்தான் சிக்கலே வருகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் ஏழு மாதக் குழந்தை ஒரு வேளைக்கே 180 மில்லி குடிக்கிறான். பத்து மணி நேரப் பயணம். என்ன செய்வது?

பதில்: தைரியமாக எடுத்துச் செல்லுங்கள். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்டது. அதன் பிறகு வந்ததுதான் இந்த 100 மில்லி விதி. ஆனால் குழந்தையின் பால், உணவு, மருந்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகள் விலக்கு அளித்திருக்கின்றன. புட்டியில் 180 மில்லி இருந்தாலும் 240 மில்லி இருந்தாலும் அதற்காகப் பறிக்கமாட்டார்கள்.

விலக்குக்கு ஓர் எல்லை உண்டு. "பயணத்துக்குத் தேவையான நியாயமான அளவு" என்பார்கள். பல நாடுகளில் இதற்கு மில்லிக் கணக்கு கிடையாது. சோதிப்பவரின் முடிவுதான். பறக்கும் நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து போய்ச் சேரும் இடத்தின் வாசல் வரை எத்தனை வேளை என்று பாருங்கள். பத்து மணி நேர விமானம் என்றால் அது எளிதில் பதினாறு மணி நேரம் ஆகிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும் குழந்தைக்கு ஐந்தாறு வேளை வரும். தாமதத்துக்கு இன்னும் இரண்டு வேளை சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னால் நியாயம் புரியாத அதிகாரி அரிது.

கேள்வி: வரிசையில் நிற்கும்போது யாரிடம், எப்போது சொல்ல வேண்டும்? போன முறை பையை முழுவதுமாகக் கொட்டிக் கலைத்துவிட்டார்கள்.

பதில்: பை எந்திரத்துக்குள் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். டயப்பர் அடுக்கு, அதன்மேல் ஈரத்துணிப் பொட்டலம், அதற்குள் நான்கு பால் புட்டிகள், பக்கத்தில் குளிர்விக்கும் ஜெல் பேக், தாய்ப்பால் எடுக்கும் பம்பின் மோட்டார், அதன் ஒயர். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடர்த்தியான ஒரே கட்டியாகத் தெரியும். அதில் எது பால், எது வேறு திரவம் என்று அவரால் சொல்ல முடியாது. பையைப் பக்கத்தில் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே நான்கு புட்டிகள் தனித் தட்டில் நின்றுகொண்டு வந்தால் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

ஆகவே, குழந்தையின் திரவங்கள் எல்லாவற்றையும் ஒரே சிறிய பையில் போட்டு, கைப்பையின் மேற்பகுதியில் வையுங்கள். தட்டு எடுக்கும் இடத்தில் நிற்கும் ஊழியரிடம், "குழந்தைக்கான பால் இருக்கிறது, தனியாக வைக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒளி ஊடுருவும் புட்டிகளாக இருந்தால் இன்னும் நல்லது. திரவத்தைச் சோதிக்கும் சிறு கருவிகள் தெளிவான புட்டிகளை எளிதில் படிக்கும். பிளாஸ்டிக் பைகளிலும் பிதுக்கிச் சாப்பிடும் உறைகளிலும் இருப்பதைப் பல நேரம் படிக்காது, பிறகு திறக்கச் சொல்வார்கள். முப்பரிமாணத்தில் பார்க்கும் புதிய ஸ்கேனர்கள் உள்ள இடங்களில் "எதையும் வெளியே எடுக்க வேண்டாம்" என்றே சொல்லக்கூடும். அங்கே அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேவுக்குள் போன பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? மாமியார் கூடவே கூடாது என்கிறார்.

பதில்: கொடுக்கலாம். மாமியாரின் கவலை குழந்தை மேலுள்ள அக்கறையால் வருவது, அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பைகளைச் சோதிக்கும் எந்திரத்தில் ஒரு பொருள் பெறும் கதிர்வீச்சு பொதுவாக ஒரு மில்லிராட் அல்லது அதற்கும் குறைவு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூறுகிறது. நம்மைச் சுற்றியுள்ள பின்னணிக் கதிர்வீச்சோ ஆண்டுக்குச் சராசரியாக 360 மில்லிராட் என்றும் அது கூறுகிறது. எக்ஸ்ரே பாலில் தங்குவதும் இல்லை, பாலைக் கதிரியக்கப் பொருளாக மாற்றுவதும் இல்லை.

அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், அமெரிக்காவில் தாய்ப்பாலையும் குழந்தைப் பாலையும் எக்ஸ்ரேயில் வைக்க வேண்டாம், திறக்கவும் வேண்டாம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதிலாக உங்களையும் உங்கள் பைகளையும் கூடுதலாகச் சோதிப்பார்கள். நேரம் ஆகும், முன்கூட்டியே போய்விடுங்கள். எல்லா நாட்டிலும் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: புட்டியைத் திறந்து எதையாவது உள்ளே விடுவார்களா? கிருமி பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பாலுக்குள் எதையும் விடுவதில்லை. வழக்கமான ஒரு சோதனையில், மூடியைத் திறந்து, வாய்ப்பகுதிக்கு மேலே காற்றில் ஒரு சிறு காகிதப் பட்டையைச் சில நொடிகள் பிடிப்பார்கள். ஆவியில் வெடிபொருளின் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பட்டை பாலைத் தொடக் கூடாது. மூடியை நீங்களே திறக்கிறேன் என்று கேளுங்கள். அவர்தான் திறக்க வேண்டும் என்றால், கையுறையை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை, நல்ல ஊழியர் நீங்கள் கேட்பதற்கு முன்பே மாற்றிவிடுவார்.

சில இடங்களில் பெற்றோரைச் சுவைத்துக் காட்டச் சொல்வதும் உண்டு. அப்போது புட்டியில் வாய் வைக்காமல், மூடியில் ஒரு சொட்டு ஊற்றிக் குடித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அலுவலக வேலையாக நான்கு நாள் வெளிநாடு போகிறேன். குழந்தை வீட்டில். அங்கே பம்பில் எடுத்த தாய்ப்பாலைத் திரும்பும்போது கொண்டுவர முடியுமா? குழந்தை உடன் இல்லையே என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தங்கையே, இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் குழந்தை உடன் இருக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலையும் பம்பு முதலான கருவிகளையும் சோதிப்பதில் ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று 2016 இல் அங்கே ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கனடாவிலும் தாய்ப்பாலுக்குக் குழந்தை உடன் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிரிட்டனிலும் குழந்தையின்றியே தாய்ப்பால் கொண்டு போகலாம், ஒரு கலத்தில் 2,000 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அங்கே உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை, சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பாலை உறைய வைத்துப் பாடுபட்டுச் சேர்த்த ஒரு தாய், இது தெரியாமல் வந்து சோதனை மேசையில் கண் கலங்கி நிற்கக் கூடாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பால்பவுடரில் கலக்கிய பாலுக்கோ குழந்தை உணவுக்கோ பிரிட்டனில் குழந்தை உடன் இருந்தாக வேண்டும்.

ஜெல் பேக் பற்றி ஒரு நுணுக்கம். சாதாரண உணவோடு வரும் ஜெல் பேக் கல்லாக உறைந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. தாய்ப்பாலைக் குளிர்விக்க வருவது அரைகுறையாக இளகியிருந்தாலும் போகலாம். பம்பைக் கைப்பையிலேயே வையுங்கள். அதன் உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது. உலர் பனிக்கட்டி கொண்டுபோவதானால் ஒருவருக்கு 2.5 கிலோதான், விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும், வாயு வெளியேற வழியுள்ள பெட்டியாகவும் இருக்க வேண்டும்.

பால் கெடாமல் இருக்கும் நேரத்தையும் மனத்தில் வையுங்கள். புதிதாக எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள், ஐஸ் பேக் வைத்த காப்புப் பையில் 24 மணி நேரம் வரை தாங்கும். நான்கு நாள் பயணத்தில் முதல் நாள் எடுத்த பால், திரும்பும்போது இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே அதை அங்கேயே உறைய வைப்பதா என்பதை நீங்கள் கடந்து வரும் நாட்டின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பேரனோடு நானும் மகளும் போகிறோம். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போய் விமானத்திலேயே பவுடர் கலந்துகொள்ளலாமா?

பதில்: பவுடரைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை, அம்மா. சில நாடுகள் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பவுடர்களைத் தனியாகச் சோதிக்கின்றன அல்லது தடுக்கின்றன. குழந்தைப் பால்பவுடருக்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுவிட்டால், இருட்டிய விமானத்தில் கரண்டிக் கணக்கு தவறாது. பவுடரின் அசல் டப்பாவையும் உடன் வைத்திருங்கள், சந்தேகம் கேட்டால் காட்டலாம்.

தண்ணீர்தான் சங்கடம். எஃகு ஃபிளாஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, திறக்கத்தான் சொல்வார்கள். பிரிட்டனில் குழந்தைக்கான நீர் கொதிக்கவைத்து ஆறவைத்ததாகவும் பால் புட்டியிலேயே ஊற்றியதாகவும் இருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கைக் காலியாக எடுத்துப்போய், சோதனை முடிந்ததும் உள்ளே உள்ள உணவகத்தில் கொதிநீர் நிரப்பிக்கொள்வதே எளிய வழி. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. அதனால் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் கலந்து, பிறகு ஆறவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெதுவெதுப்பான நீரில் கலக்கும் பழக்கத்தைப் பயணத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் விட்டுவிடுங்கள். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு மூன்று மாதக் குழந்தையென்றால், கலக்கத் தேவையில்லாத, கிருமி நீக்கி அடைத்த திரவப் பாலை வாங்கிச் செல்லுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பயணத்துக்கு மட்டுமாவது அது நிம்மதி.

கேள்வி: மூன்று வயது மகளுக்குப் பழச்சாறும் தயிரும் எடுத்துப் போகலாமா?

பதில்: வயதுதான் கேள்வி. கனடாவில் இந்த விலக்கு இரண்டு வயது வரைதான். அமெரிக்காவில் தளிர்நடைக் குழந்தைகளின் பானங்களும் அடங்கும். மூன்று வயதுக்கு நான் விலக்கை நம்பிப் போகமாட்டேன். ரொட்டி, பிஸ்கட், நறுக்கிய பழம் போன்ற திட உணவுக்கு அளவுத் தடை இல்லை. தயிரும் பழக்கூழும் திரவக் கணக்கில் வரும், அவற்றை உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும், "இதைக் கொட்டிவிட்டுப் போ" என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டால்?

பதில்: உடனே கொட்டாதீர்கள். கொட்டிய பால் திரும்பி வராது, ஆனால் ஐந்து நிமிடம் நின்று பேசினால் முடிவு மாறக்கூடும். குரலை உயர்த்தாமல், "இது குழந்தைப் பால், விலக்கு உண்டு என்று உங்கள் தளத்தில் இருக்கிறது, மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கேட்கலாமா?" என்று சொல்லுங்கள். முதல்நாளே அந்த நாட்டின் பாதுகாப்புத் துறை வெளியிட்டுள்ள விதிப் பக்கத்தைத் திறந்து, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இணையம் கிடைக்காமல் போகலாம்.

சோதனை செய்யும் ஊழியர்களில் புதியவர்களும் உண்டு, களைத்தவர்களும் உண்டு. விதி தெரியாததால் மறுப்பவர்தான் அதிகம், வன்மத்தால் மறுப்பவர் மிகக் குறைவு. இறுதி முடிவு சோதனை மேசையில்தான் என்பது எல்லா நாட்டிலும் உண்மை. மேற்பார்வையாளரும் மறுத்துவிட்டால், நேரம் இருந்தால் வெளியே போய்ச் சரக்குப் பெட்டியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது அங்கேயே குழந்தைக்குப் புகட்டிவிடுங்கள். பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து வரும் தாய்க்கு அது உதவும்.

கேள்வி: நான் மட்டும் தனியாகக் குழந்தையை அழைத்துப் போகிறேன். அப்பாவுக்கும் இதே விலக்குதானா?

பதில்: ஆம், தம்பி. விலக்கு குழந்தைக்கு உரியது. தூக்கி வருபவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: இடையில் விமானம் மாறும் நிலையத்தில் மறுபடி சோதனை உண்டா?

பதில்: பல இடங்களில் உண்டு, அங்கே செல்லுபடியாவது அந்த நாட்டின் விதி. முதல் சோதனைக்குப் பின் வாங்கிய பெரிய தண்ணீர் புட்டி அங்கே போய்விடும். குழந்தையின் பால் போகாது, ஆனால் முதலிலிருந்து சொல்லிக் காட்ட வேண்டும். மாறும் இடைவெளி குறைவென்றால் இதற்கும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இறங்கத் தொடங்கும் நேரத்துக்கு ஒரு வேளைப் பாலை மிச்சம் வையுங்கள். உறிஞ்சி விழுங்கும்போது காதடைப்பு குறையும், குழந்தை அழாது.

கேள்வி: போய் இறங்கிய நாட்டில் மீதமுள்ள உணவைப் பற்றிக் கேட்பார்களா?

பதில்: கேட்பார்கள். பாதுகாப்புச் சோதனை வேறு, இறங்கும் நாட்டின் உணவுக் கட்டுப்பாடு வேறு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பானவை. குழந்தை கடித்து வைத்த அரை ஆப்பிள் பையின் ஓரத்தில் கிடந்தாலும் அபராதம் வரலாம். பழம், இறைச்சி, வீட்டில் மசித்த உணவு ஆகியவற்றை விமானத்திலேயே தீர்த்துவிடுங்கள். மீந்ததை நுழைவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டியதற்கு அபராதம் இல்லை, அதிகம் போனால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள்.