மைவி கார் கிரில் குரோமில் உரித்தெடுக்கும் ரப்பர் ஸ்பிரே: கோலாலம்பூர் மழையில் வீட்டிலேயே அடிக்கலாமா? பிறகு உரிக்க வருமா?

அடிக்கலாம், உரிக்கவும் வரும். பூச்சு தடிமனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செராஸில் தாமான் வீட்டுப் போர்ச்சில் வைத்து, முன் கிரிலின் குரோம் பட்டையையும் இரண்டு லோகோவையும் மேட் கறுப்பாக்க ஒரு கேன் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டி டிப் மாதிரி 311 கிராம் கேன் ஒன்று தாராளம். மிச்சம் பிடிக்கலாம் என்று மூன்று கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கறுப்பு இரண்டு கோட்டிலேயே குரோமை மறைத்துவிடும், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய படலம் முழுசாக உரியாது. துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வரும். குறைந்தது ஐந்து கோட், ஆறு என்றால் இன்னும் நல்லது.

நம் ஊரில் மழையைவிட ஈரப்பதம்தான் பெரிய தலைவலி. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பு தெரியும். விடிகாலையிலும் மழை விட்ட உடனேயும் அடித்தால் இப்படித்தான் ஆகும். ஏப்ரல், அக்டோபர் வாக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் கடைசிக் கோட்டை முடித்துவிடுங்கள். வெளுத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். காற்று உலர்ந்த நேரத்தில் மேலே இன்னொரு கோட் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். வெயிலில் நின்று சூடேறிய காரில் உடனே அடிக்காதீர்கள். துளிகள் பரவுவதற்குள் காய்ந்து, பரப்பு மணல் மாதிரி சொரசொரப்பாகும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெழுகோ சிலிகான் பாலிஷோ மிச்சமிருந்தால் ஓரம் தானாகத் தூக்கிக்கொள்ளும். கிரிலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் செருகி ரேடியேட்டரை மறையுங்கள். பெயின்ட் மேல் படியும் ஸ்பிரே தூசியைத் துணியால் தேய்த்து எடுத்துவிடலாம். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் படிந்தால் எளிதில் போகாது, அதனால் பம்பரின் கீழ்ப்பகுதியையும் மூடுங்கள். (வேறு காருக்குச் செய்பவர்கள் கவனிக்க: லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம்.)

கேனை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, பட்டைக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் பட்டையைத் தாண்டிய பிறகே விரலை எடுங்கள். முதல் கோட் பாதி குரோம் தெரியும்படி லேசாக. அடுத்தடுத்த கோட்டுகள் ஈரப் பளபளப்பு தெரியும் அளவுக்கு, ஆனால் வழியாமல். ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 முதல் 30 நிமிடம். மந்தமான நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆவி கடுமையானது, தீப்பிடிக்கக்கூடியது. ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். போர்ச் பக்கத்துச் சாமி மேடையில் விளக்கு எரிந்தால் குளிரவைத்துவிட்டுத் தொடங்குங்கள். கொண்டோவின் மூடிய கார் பார்க்கில் இந்த வேலையே வேண்டாம்.

பட்டையின் ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே, பூச்சிலிருந்து விலகும் திசையில் மெதுவாக இழுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் படலமும் சேர்ந்து வந்து ஓரம் கிழியும். லோகோவுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். சுற்றிலும் ஒரு விரல் அகலம் பெயின்ட் மேலும் சேர்த்தே அடித்து, நன்றாகக் காய்ந்ததும் வெளிப்பகுதியை உரித்தால் எழுத்தின் விளிம்பில் தானாக அறுந்து நிற்கும். வளையங்களுக்குள் மாட்டிய துண்டைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம்.

தொட்டுப் பார்க்க நான்கு மணி நேரம் பொறுங்கள். கழுவ ஒரு வாரம் காத்திருப்பது நல்லது. அதற்குப் பிறகும் வாட்டர் ஜெட்டை ஓரத்துக்கு நேராகக் காட்ட வேண்டாம். பெட்ரோல் பட்டால் பூச்சு கரையும், ஆகவே டேங்க் மூடிப் பக்கம் இதை அடிக்காதீர்கள்.

உரிக்கும்போது மெலிந்து பிய்கிறதென்றால் சுரண்டாதீர்கள். அதன் மேலேயே இரண்டு கனமான கோட் அடித்து, முழுசாகக் காயவிட்டு, ஓரத்தை விரலால் உருட்டித் தூக்குங்கள்; பழையதும் சேர்ந்து வரும். மூலையில் ஒட்டியிருக்கும் துணுக்குக்கு டபிள்யூடி-40 தெளித்து, ஊறவிட்டுத் துணியால் தேய்த்தால் போதும்.