நிலத்தை அடகு வைக்கும் முன் அங்ககச் சான்றுப் பணியைப் பாருங்கள்

அம்மா, கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்த நீங்கள், பிளஸ் டூ மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லையே என்று வருந்தினீர்கள். பெற்றவர்களுக்கு அந்த வருத்தம் இயல்புதான். ஆனால், திருப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார் என்பதற்காக ஐந்து ஏக்கரில் இரண்டை அடகு வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. தாய்மாமன் சொல்லுக்கு மரியாதை உண்டு; வட்டி கட்டப்போவது அவரல்லர். அந்தப் படிப்பை உங்கள் மகள் ஒருமுறையேனும் விரும்பிக் கேட்டதாக நீங்களும் சொல்லவில்லை.

அவள் என்னிடம் பேசியதெல்லாம் மஞ்சள் வயலைப் பற்றித்தான். எந்தப் பாத்திக்கு எப்போது ஜீவாமிர்தம் என்னும் சாணக் கரைசல் விட்டார்கள், வெட்டு எத்தனை மூட்டை வந்தது என்று தானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இந்தப் பழக்கத்துக்கு ஊதியம் தரும் வேலை ஒன்று உண்டு. அது அங்ககச் சான்றுப் பணி; அதாவது, விளைச்சல் ரசாயனமின்றி இயற்கை முறையில் விளைந்ததுதானா என்று சரிபார்த்துச் சான்றளிக்கும் வேலை.

இயற்கை வேளாண்மைக்கு அரசு உதவி என்றால் உரத்துக்கும் விதைக்கும் மானியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2015இல் மத்திய அரசு தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில், மூன்றாண்டுகளுக்கு ஹெக்டேருக்கு வகுக்கப்பட்ட 31,500 ரூபாயில் 15,000 ரூபாய்தான் இடுபொருளுக்காக விவசாயியின் கணக்குக்குச் செல்கிறது. மீதி பயிற்சி, சான்றளிப்பு, விளைபொருளில் ரசாயன எச்சம் உண்டா என்ற பரிசோதனை, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்கானது. அவை அனைத்தும் ஆட்கள் செய்ய வேண்டிய வேலைகள். தமிழ்நாடு அரசு 2023இல் அங்கக வேளாண்மைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. மாநிலத்தின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறைக்குத் தலைமையிடம் நம் கோவைதான் என்பது கொங்கு மண்டலத்துப் பெற்றோர் பலருக்கும் தெரிவதில்லை.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் சொல்கிறேன். ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே விளைச்சலை 'ஆர்கானிக்' என்று விற்க முடியாது. ஏற்றுமதிக்கும் செல்லுபடியாகும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி, மஞ்சள் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும், ரசாயன முறையிலிருந்து மாறும் மாறுகாலமாகக் கழிய வேண்டும். அந்தக் காலம் முழுவதும் விதை எங்கே வாங்கியது, பக்கத்துத் தோட்டத்து மருந்து இங்கே படாமலிருக்க வரப்போரம் எவ்வளவு இடம் விட்டது, வேகவைத்து மெருகேற்றும் இடத்தில் வேறு மஞ்சள் கலந்ததா என்பதற்கெல்லாம் பதிவு இருக்க வேண்டும். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று பெறும்போது, குழுவின் உள் ஆய்வாளர் ஒவ்வொரு தோட்டத்தையும் ஆண்டுக்கு இரு முறையாவது பார்த்து எழுதுகிறார். அதன்பின் சான்று நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து சரிபார்க்கிறார். பதிவேடு சரியில்லாவிட்டால், உண்மையாகவே உழைத்த விவசாயிக்கும் சான்று கிடைக்காது. கணக்கு தெரிந்த, வயல் தெரிந்த, ஊராரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள் இந்த இடத்துக்குத்தான் தேவைப்படுகிறார்கள்.

இதற்கு அடித்தளமாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பைப் பரிந்துரைக்கிறேன். அரசுக் கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் நிலத்தைத் தொட வேண்டிய தேவையே வராது. தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனம் தருவதைவிடக் குறைவாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கடனில்லாத குறைந்த சம்பளம், கடனுக்கே போய்ச்சேரும் பெரிய சம்பளத்தைவிடக் குடும்பத்துக்கு நல்லது. அரசுப் பணிதான் கிடைக்கும் என்று எண்ணிச் சேர்க்கவும் வேண்டாம். தனியார் சான்று நிறுவனங்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், ஏற்றுமதியாளர்களும் உண்டு.

எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன், கோபியிலுள்ள மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். சான்று பெற்ற குழு ஒன்றின் பதிவேடுகளை அவள் நேரில் புரட்டிப் பார்க்கட்டும். முடிந்தால் ஓர் ஆய்வு நாளில் தோட்டம் தோட்டமாக உடன் நடக்கட்டும். அதன்பிறகு அவள் வேண்டாம் என்றால் வேறு வழி பேசுவோம். அப்போதும் அடமானப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.