பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் கார்கள் பாத்திரங்களின் குணத்தைக் காட்டுகின்றனவா, அல்லது ரசிகர்கள் இழுத்துப் பிடித்துச் சொல்லும் விளக்கமா?

காட்டுகின்றன. ஆனால் "ஏழை வாத்தியாருக்குப் பழைய கார், பணம் வந்ததும் புதுக் கார்" என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். யார் தன்னைப் பிறர் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறான், யார் கண்ணிலேயே படக்கூடாது என்று நினைக்கிறான் என்பதுதான் அங்கே விஷயம்.

நான் கிளிநொச்சிக்காரன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். புகை மணத்தை வைத்தே வருவது சனத்தின் வாகனமா, வேறு ஆட்களுடையதா என்று சொல்லிவிடுவோம். அதனால் ஒரு தொடரில் கார் வந்தால் எனக்கு முதலில் கண் போவது அதில்தான்.

போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கும் அந்த வாத்தியார் வோல்ட்டர் வைட்டின் பொன்டியாக் அஸ்டெக் காரை எடுங்கள். வெளிறிய பச்சை, பார்க்கவே பரிதாபமான வடிவம், கண்ணாடி அடிக்கடி உடையும். ஐந்தாவது சீசனில் அதைத் திருத்தி எடுக்கக் கராஜுக்குப் போகிறார். கார் நல்லபடி ஓடும் நிலையில் நிற்கிறது. உள்ளே, போதைப்பொருள் தொழிலுக்குப் போகும்போது போடும் தன் பழைய கறுப்புத் தொப்பியைக் காண்கிறார். எடுத்துத் தலையில் வைக்கிறார். அதோடு காரை அந்த மெக்கானிக்கிடமே 50 டொலருக்குக் கொடுத்துவிடுகிறார்! 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த நாட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு நெஞ்சு வலிக்கும். இங்கே ஓட்டை நிசான் சன்னி காருக்கே லட்சக் கணக்கில் பேரம் பேசுகிறார்கள். ஆனால் அவர் விற்றது காரை இல்லை, அதற்குள் இருந்து குனிந்து குனிந்து ஓட்டிய மனிசனை. அடுத்ததாகத் தனக்கும் மகனுக்கும் கிறைஸ்லரும் டொட்ஜ் சலஞ்சரும் எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிடுகிறார். தலைமறைவாகச் செய்யும் தொழிலுக்கு இது கூடவே கூடாத வேலை. அது அவருக்கும் தெரியும்.

கஸ் ஃபிரிங் நேர்மாறு. இவ்வளவு பெரிய போதைப்பொருள் வலையமைப்பை நடத்துகிறவர் ஓட்டுவது ஒரு சாதாரண வோல்வோ வாகன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறவர்கள் வைத்திருக்கும் வண்டி. நாலாவது சீசனில் அதற்கடியில் வோல்ட்டர் குண்டு பொருத்தியிருக்கும்போது, வாகனத் தரிப்பிடத்தில் கஸ் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு ஏறாமலே திரும்பி நடப்பார். தன்னை யாரும் கவனிக்காதபடி வாழ்கிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆட்களைக் கடத்திக்கொண்டு போன "வெள்ளை வான்" என்றால் இன்றும் வயிறு கலங்குகிற சனம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் பிடிக்கிற அதே மாதிரி வான்தான் அது. பயமே அதில்தான் இருந்தது.

இலக்கத் தகடும் அப்படித்தான். வோல்ட்டரின் வக்கீல் சோல் குட்மன் தன் கடிலாக் கார்த் தகட்டிலேயே வக்கீல் விளம்பரம் போட்டிருப்பார், பார்த்துச் சிரிப்போம். 1958 இல் சிங்கள ஸ்ரீ எழுத்தை வாகனத் தகடுகளில் போட்டதற்கு எதிராகப் போராட்டமே நடந்த நாடு இது. தகட்டில் இருப்பது சின்ன விஷயம் என்று எங்களால் சொல்ல முடியாது. மற்றபடி ஒவ்வொரு உடுப்பின் நிறத்துக்கும் கட்டுரை எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது சோலின் முன்கதையைச் சொல்லும் பெட்டர் கோல் சோல் தொடரின் இரண்டாம் சீசனில் வருகிறது. அதில் அவர் பெயர் இன்னும் ஜிம்மி. ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும் மஞ்சள் சுசுகி எஸ்டீமை விட்டுவிட்டு, ஜிம்மிக்கு வேலையிடத்தில் ஒரு பென்ஸ் கிடைக்கிறது. காதலி கிம் பரிசாகக் கொடுத்த கோப்பை அந்தக் காரின் கப் வைக்கிற ஓட்டைக்குள் போகாது. திருப்பிப் பார்ப்பார், அமத்திப் பார்ப்பார், சரிவராது. கடைசியில் ஒருநாள் இரும்புக் கம்பியை எடுத்து அந்த ஓட்டையை அடித்து நெளித்துக் கோப்பையை உள்ளே வைத்துவிடுவார். அந்த வேலையில் அவர் நிலைக்கமாட்டார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.