இல்கான்களின் வெள்ளிக் காசுகள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: பாக்தாதை அழித்த மங்கோலியர்கள் தம் காசுகளில் குர்ஆன் வசனத்தைப் பொறித்தது ஏன், ஐயா?

பதில்: 1258இல் பாக்தாதைப் பிடித்த ஹுலாகு, ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களான இல்கான்களில் முதல்வர். அவர் முஸ்லிம் அல்லர், ஆனால் அவருடைய காசைக் கைநீட்டி வாங்க வேண்டியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். எந்த வசனம் என்பதையும் பாருங்கள்: 'ஆட்சியின் அதிபதியே, நீ நாடியோருக்கு ஆட்சியைத் தருகிறாய், நாடியோரிடமிருந்து பறிக்கிறாய்' (3:26). கலீஃபாவைக் கொன்றவரின் காசில் ஏறியதும், அவ்வசனம் வென்றவருக்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது.

சேகரிப்பாளர்: என்னிடமுள்ள, இல்கான் அர்கூனின் திர்ஹம் என்ற வெள்ளிக் காசில் அரபு அல்லாத எழுத்தும் இருக்கிறதே?

பதில்: அது உய்குர் எழுத்தில் எழுதிய மங்கோலிய மொழி: 'ககானின் பெயரால் அர்கூன் அடிப்பித்தது'. ககான் என்றால் மங்கோலியப் பேரரசர், அப்போது சீனத்திலிருந்த குப்லாய். ஈரானை ஆண்டவர் தம்மை அவருக்குக் கீழ்ப்பட்டவராகவே காட்டிக்கொண்டார். அடுத்து, 1295இல் இஸ்லாத்தைத் தழுவிய இல்கான் கஸானின் சீர்திருத்தக் காசைத் தேடிப் பிடித்து, இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 4.3 கிராம் எடையுள்ள அந்த இரட்டைத் திர்ஹத்தில் ககானைக் காணோம். 'தெங்கிரியின் வல்லமையால் கஸான் அடிப்பித்தது' என்றிருக்கிறது. தெங்கிரி மங்கோலியரின் வானக் கடவுள், மறுபக்கத்திலோ இஸ்லாமிய நம்பிக்கை வாசகமான கலிமா. ஓரமாகச் சில பக்ஸ்-பா எழுத்துகளும் தெரியும். அந்த எழுத்து குப்லாயின் ஆணையால் உருவானது. ககானின் பெயரை நீக்கிய காசிலேயே ககானின் அவை தந்த எழுத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பள்ளி ஆசிரியர்: சிலுவையும் அரபு எழுத்தும் சேர்ந்த திர்ஹம் போலியாகத்தானே இருக்கும்?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். கிறித்தவ நாடான ஜார்ஜியா மங்கோலியருக்கு அடங்கியிருந்தபோது, இல்கான்களான அபாகா, அர்கூன் காலங்களில் அந்நாட்டின் திப்லீஸ் நகர அக்கசாலையில் (காசடிக்கும் இடத்தில்) இத்தகைய காசுகள் அடிக்கப்பட்டன. 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால், ஒரே இறைவன்' என்பது அரபியிலேயே இருக்கும்.

மற்றொரு வாசகர்: குதிரைமேல் வில்லாளி இருக்கும் காசில் அரசர் பெயரே இல்லையே?

பதில்: ஹிஜ்ரி 642, அதாவது 1244-45இல், மறைந்த மங்கோலியப் பேரரசர் ஒகதாயின் மனைவி தொரேகெனே ஆட்சிப் பொறுப்பிலிருந்த காலத்தது அது. அரசர் பெயருக்குப் பதிலாக 'உலுக் மங்கோல் உலுஸ் பெக்' என்ற துருக்கிச் சொற்களே அதில் உண்டு. பெரிய மங்கோலிய நாட்டின் தலைவர் என்பது பொருள்.

அதே வாசகர்: கறுத்திருப்பதைப் புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: கூடாது. சம்மட்டியால் அடித்த காசுகளில் அவை அடிக்கப்பட்ட ஊரின் பெயர் பெரும்பாலும் ஓரத்தில் அரைகுறையாகவே விழுந்திருக்கும். தேய்த்தால் அதுவும் போய்விடும்.