பதினைந்து கிளப் மாறினால் நிலையில்லாதவரா?

கேள்வி: எனக்கு 23 வயது. கால்பந்தில் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரராக, ஆடுகிறேன். நல்ல உயரம், ஆனால் வேகம் குறைவு. நாலு சீசனில் மூன்று கிளப் மாறிவிட்டேன். ‘எங்கே போனாலும் ஒட்டமாட்டேங்கிறான்’ என்று வீட்டிலும் மைதானத்திலும் பேச்சு. இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்று மேல் டிவிஷனில் பெயர்பெற்ற கிளப். அங்கே ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று கீழ் டிவிஷனில் சின்ன கிளப். முதல் ஆட்டத்திலிருந்தே இறக்குவதாகச் சொல்கிறார்கள். ‘லூக்கா டோனியைப் பற்றிப் படி, தைரியம் வரும்’ என்கிறார் எங்கள் சீனியர் ஒருவர். அவர் கதை எனக்குப் பொருந்துமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் சீனியர் சரியான ஆளைத்தான் கைகாட்டியிருக்கிறார். லூக்கா டோனி பதினைந்து கிளப்புகளில் ஆடிய இத்தாலிய ஸ்ட்ரைக்கர். ஆனால் தைரியத்துக்காக மட்டும் டோனியைப் படிக்காதீர்கள். எந்த இடத்துக்குப் போனபோது அவருக்குக் கோல் வந்தது, எங்கே போனபோது வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

1977இல் பிறந்தவர். வட இத்தாலியில் மோதேனா பக்கத்து மலைப்பகுதிக்காரர். மோதேனா கிளப்பில் ஆடத் தொடங்கி, 1996இல் எம்போலிக்குப் போனார். அந்த சீசனில் எம்போலி இரண்டாம் டிவிஷனான சீரி பி-யிலிருந்து முதல் டிவிஷனான சீரி ஏ-வுக்கு ஏறியது. டோனி ஆடியதோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். கிளப் மேலே போனது, அவர் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி ஃபியோரென்சுவோலா என்ற சின்ன கிளப்புக்குப் போனார். அங்கே முழு சீசனுக்கும் சேர்த்து 2 கோல். 21 வயது, மூன்றாவது கிளப், மூன்றாம் டிவிஷன், 2 கோல்! இன்று நீங்கள் நிற்கும் இடத்தைவிட அது மோசமான இடம்.

அடுத்து ரோம் நகரத்தின் லோதிஜானி. அதுவும் மூன்றாம் டிவிஷன்தான், ஆனால் அங்கே 15 கோல். சீரி பி-யில் த்ரெவீசோவுக்குப் போய் மறுபடியும் 15. 2000இல் விச்சென்சா அவரை சீரி ஏ-வுக்குக் கூட்டி வந்தது. அப்போது அவருக்கு உங்கள் வயது, 23. அந்த சீசனில் 9 கோல் அடித்தார். கிளப் கீழே இறங்கியது, டோனியை 2001இல் பிரெஷா எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயம். இத்தனை மாற்றமும் டோனியின் குணத்தால் வந்தது இல்லை. இத்தாலியில் இளம் வீரரைக் கீழ் டிவிஷன்களுக்கு அனுப்பிப் பழக்குவது வழக்கம். ஒரு வீரரின் உரிமையை இரண்டு கிளப்புகள் பாதிப்பாதி வைத்துக்கொள்ளும் முறையும் அங்கே இருந்தது. கெடு முடியும்போது விலையில் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு கிளப்பும் ஆளுக்கொரு தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். உறையைப் பிரித்ததும் யார் அதிகம் எழுதியிருக்கிறாரோ, வீரர் அவருக்கு. 2014இல்தான் இந்த முறையை எடுத்துவிட முடிவு செய்தார்கள். அதனால் ஓர் இத்தாலிய ஸ்ட்ரைக்கரின் வரலாற்றில் எட்டு, பத்து கிளப் பெயர்கள் இருப்பது அந்த ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ‘ஒட்டமாட்டேங்கிறான்’ என்று சொல்பவர்களுக்குத் தெரியாத பக்கம் இது. வீரர் மாறுகிறாரா, மாற்றப்படுகிறாரா என்பதே பாதி நேரம் வெளியே தெரியாது.

பிரெஷாவில் ரொபெர்த்தோ பாஜியோ, பெப் குவார்தியோலா போன்ற பெரிய வீரர்களோடு ஆடினார். பயிற்சியாளர் கார்லோ மட்சோனே. முதல் சீசனில் 13 கோல். அடுத்த சீசனில் காயங்கள் படுத்தின, கோல் 2தான். 2003 கோடையில் அவருக்கு 26 வயது. அப்போது அவர் எடுத்த முடிவைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். சீரி ஏ-வை விட்டு, சீரி பி-யில் இருந்த பலேர்மோவுக்குப் போனார். 26 வயதில் ஒரு டிவிஷன் கீழே இறங்கினால் ‘சரி, இவன் கதை முடிந்தது’ என்று பேசுவார்கள். உங்கள் காதிலும் இப்போது அதே பேச்சுதான் விழுகிறது.

பலேர்மோவில் அந்த சீசனில் அவர் அடித்தது 30 கோல். 31 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த சிசிலி நகரம் சீரி ஏ-வுக்குத் திரும்பியது. மேலே வந்த முதல் சீசனிலேயே 20 கோல். பலேர்மோ ஆறாவது இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றது. இத்தாலிய அணியின் சட்டை அவருக்குக் கிடைத்ததும் பலேர்மோவில் ஆடும்போதுதான், 27 வயதில். அப்புறம் ஃபியோரென்தீனா. 2005-06 சீசனில் 31 கோல். சீரி ஏ-வில் ஒரு சீசனில் 30 கோலைத் தொட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. லீக் ஆட்டங்களில் அதிகம் கோல் அடித்தவருக்குத் தரும் ஐரோப்பாவின் தங்கக் காலணி விருதை வென்ற முதல் இத்தாலியர் அவர்தான்.

ஆள் மாறவில்லை, உயரம் மாறவில்லை, வேகமும் கூடிவிடவில்லை. பிறகு எப்படி 2 கோல் 30 ஆனது? அவர் ஆடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆறடி மூன்று அங்குலத்துக்கு மேல் உயரம். இரண்டு பேரை ஏமாற்றி ஓடும் ரகம் கிடையாது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் டிஃபெண்டரை உடம்பால் தாங்கி நின்று, வரும் பந்தைக் கூட ஆடுபவருக்குத் தட்டிவிடுவார். தட்டியதும் பாக்ஸுக்குள் நடப்பார். ஆமாம், பல நேரம் நடைதான். பந்து விங்கில் இருக்கும்போது தூரத்து போஸ்ட் பக்கம் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். டிஃபெண்டர் பந்தைப் பார்ப்பதா, டோனியைப் பார்ப்பதா? இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கி அனுப்புபவர், அதாவது கிராஸ் போடுபவர், காலைத் தூக்கும் கணத்தில் இரண்டே எட்டில் முன்னால் வெட்டி வந்து முட்டிவிடுவார், அல்லது ஒரே தொடுதலில் உள்ளே தள்ளிவிடுவார். பந்தை நிறுத்தி, சரிசெய்து, பிறகு அடிக்கும் பழக்கமே அரிது. அடித்த கையோடு காதோரம் உள்ளங்கையைத் திருகிக்கொண்டே ஓடுவார்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். வேலெடுத்து எறிய ஆள் இல்லையென்றால் கூர்மை எதற்கு? பலேர்மோவில் நடுவே எவ்ஜேனியோ கொரீனி இருந்தார். 2004 ஜனவரியில் இடது பக்கத்துக்கு ஃபாபியோ க்ரோஸ்ஸோ வந்து சேர்ந்தார். ஃபியோரென்தீனாவில் இடது பக்கமிருந்து கிராஸ் போட மனுவேல் பாஸ்குவால். டோனியை முட்டவைக்கவே ஆட்டத்தை அமைத்த அணிகள் அவை.

2006 உலகக் கோப்பையையும் சொல்லாமல் விட முடியாது. முதல் நாலு ஆட்டத்தில் கோல் இல்லை. காலிறுதியில் உக்ரைனுக்கு எதிராக இரண்டு. பெர்லின் இறுதி ஆட்டத்தில் சக வீரர் பிர்லோவின் கார்னரைத் தலையால் முட்டினார், பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் முட்டி உள்ளே போட்டதை ஆஃப்சைடு என்றார்கள். அந்த ஆட்டத்தில் அவர் பெயரில் ஒரு கோலும் இல்லை, ஆனால் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

2007இல் பயர்ன் மியூனிக். முதல் சீசனிலேயே 24 கோலோடு ஜெர்மன் லீக்கில் முதலிடம், ஜெர்மன் கோப்பை இறுதியில் டார்ட்மண்டுக்கு எதிராக அணியின் இரண்டு கோலும் அவருடையவை. எனக்குப் பிடித்தது 2008 ஏப்ரலில் ஸ்பெயினின் ஹெட்டாஃபேயில் நடந்த யூஃபா கோப்பை காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஹெட்டாஃபே அணி தொடக்கத்திலேயே ஒரு ஆளை இழந்து பத்துப் பேரோடு ஆடியும், கூடுதல் நேரத்தில் 3-1 என முன்னால் இருந்தது. 115ஆவது நிமிடத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவியது. அந்த இடத்தில் டோனி நின்றுகொண்டிருந்தார். 120ஆவது நிமிடத்தில் ஒரு கிராஸ், தலையால் முட்டினார். 3-3 ஆகி, இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கோல் சமமானாலும், வெளியூரில் அதிக கோல் அடித்த கணக்கில் பயர்ன் தப்பியது. நழுவும் பந்துக்கு முன்னால் நிற்பதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஒரு மணி நேரம் பந்து வராவிட்டாலும் அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும். இதைப் பயிற்சியில் பழகலாம், நீங்களும் பழகுங்கள்.

இனி மறுபக்கம். மியூனிக்கில் லூயி வான் கால் பயிற்சியாளராக வந்த பிறகு டோனிக்கு இடம் இல்லாமல் போனது. 2010 ஜனவரியில் ரோமாவுக்கு லோனில் போய், இன்டர் மிலனுக்கு எதிராக வெற்றி கோலும் அடித்தார். அதற்குப் பின் ஜெனோவா, யுவென்டஸ், துபாயில் அல் நாசர். ஒவ்வொன்றிலும் கொஞ்ச காலம்தான், கோல் குறைவு. யுவென்டஸ் மிகப் பெரிய பெயர், ஆனால் அங்கே அவரைச் சுற்றி ஆட்டம் அமையவில்லை. 2012இல் ஃபியோரென்தீனாவுக்குத் திரும்பியபோது 35 வயது. 8 கோல். முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2013இல் அப்போதுதான் சீரி ஏ-வுக்கு ஏறிவந்த ஹெல்லாஸ் வெரோனாவுக்குப் போனார். முதல் லீக் ஆட்டத்திலேயே ஏசி மிலனுக்கு எதிராக இரண்டு கோல், 2-1 வெற்றி. அந்த சீசனில் 20. அடுத்த சீசனில் 22 கோல் அடித்து, மௌரோ இகார்தியோடு லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். சீசன் முடிந்தபோது வயது 38. லீக்கில் முதலிடம் பிடித்த மிக வயதான வீரர் என்ற சாதனை அது. அதற்கு முன் அந்தச் சாதனையை 35 வயதில் வைத்திருந்தவர் தாரியோ ஹூப்னர். 2001இல் டோனி பிரெஷாவுக்கு வந்தபோது அங்கிருந்து கிளம்பியவர் அவர்.

இப்போது உங்கள் விஷயம். சின்ன கிளப்புக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து. 23 வயதில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சீசனைக் கழித்தால் அந்த ஆட்டங்கள் திரும்பி வராது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். மூன்றாம் டிவிஷனில் 2 கோல் அடித்த எத்தனையோ பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள், அவர்கள் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அதனால் படிப்போ வேலையோ ஏதாவது கையில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் பேசும்போது டோனி பேரைச் சொல்லி வாதாடவும் வேண்டாம். இந்த சீசனில் எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்பதை அப்பாவிடம் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் அந்தக் கிளப்பின் பயிற்சியை ஒரு மாலை போய்ப் பாருங்கள். விங்கர்கள் கோட்டுவரை ஓடி கிராஸ் போடுகிறார்களா, அல்லது உள்ளே வெட்டி வந்து தாங்களே அடிக்கிறார்களா? கார்னரை ஒழுங்காக எடுக்க ஆள் இருக்கிறாரா? பயிற்சியாளரிடம் நேராகவே கேளுங்கள்: ‘எனக்குப் பந்து எங்கிருந்து வரும்?’ தெளிவாகப் பதில் சொன்னால் ஒரு சீசனுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மழுப்பினால், முதல் ஆட்டத்திலிருந்தே இறக்குவேன் என்ற வாக்கை நம்பிப் போக வேண்டாம். சீசன் தொடங்க நாள் இருந்தால் மூன்றாவதாக ஒரு கிளப்பைக் கேட்டுப் பாருங்கள். மறுபடியும் கிளப் மாறிவிட்டான் என்று யார் சொன்னாலும் பரவாயில்லை.