ஐபிவி6 நெட்வொர்க்கில் மட்டும் கனெக்ட் ஆகாத சி புரோகிராம்

கேள்வி: லினக்ஸில் என் சி புரோகிராம் ஒரு சர்வருக்கு டேட்டா அனுப்புகிறது. அலுவலகத்தில் நன்றாக ஓடுகிறது. ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் "நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்" என்று நின்றுவிடுகிறது. சர்வருக்குப் பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6 என்று இரண்டு வகை முகவரியும் உண்டு. பெயரைத் தேட கெட்ஹோஸ்ட்பைநேம் பயன்படுத்துகிறேன். ஐபிவி6-க்குத் தனியாக ஒரு இஃப் போடவா?

பதில்: வேண்டாம். ஒரு இஃப் போட்டால் அது சாக்கெட், கனெக்ட், லாக் என்று கோடு முழுக்கப் பரவிவிடும். கெட்ஹோஸ்ட்பைநேம் ஐபிவி4 காலத்துச் சரக்கு. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிமுறையான போசிக்ஸின் 2008 பதிப்பிலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். இரண்டு வகை முகவரியையும் தேடித் தரும் கெட்அட்ரின்ஃபோவுக்கு மாறுங்கள்.

எந்த மாதிரி முகவரி வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஹின்ட்ஸ் ஸ்ட்ரக்சரை மெம்செட்டால் பூஜ்ஜியமாக்கி, ஃபேமிலிக்கு ஏஎஃப்_அன்ஸ்பெக் (எந்த வகை முகவரியும் சரி), டைப்புக்கு சாக்_ஸ்ட்ரீம் கொடுங்கள். டைப்பை விட்டுவிட்டால் ஒரே முகவரி ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று மூன்று முறை வந்து குழப்பும். போர்ட்டை "443" என்று ஸ்ட்ரிங்காகவே கொடுக்கலாம்.

சரி, பலர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். திரும்பி வருவது ஒரு முகவரி அல்ல, லிங்க்டு லிஸ்ட். பழைய கோடு ஒன்றை மாற்றும்போது நானும் முதல் முகவரியை மட்டும் எடுத்தேன். அது ஐபிவி6, அங்கே ஐபிவி6 ரூட் பழுது. வேலை செய்யும் ஐபிவி4 முகவரி அடுத்த நோடிலேயே சும்மா உட்கார்ந்திருந்தது!

ஆகவே லூப் போடுங்கள். நோடில் உள்ள ஃபேமிலி, டைப், புரோட்டோகால் மூன்றையும் அப்படியே சாக்கெட்டுக்கும், ஏஐ_அட்ரையும் (முகவரி) ஏஐ_அட்ர்லென்னையும் (அதன் நீளம்) அப்படியே கனெக்டுக்கும் கொடுங்கள். நீளத்தை நீங்களாக எழுத வேண்டாம்: ஐபிவி4 ஸ்ட்ரக்சர் 16 பைட், ஐபிவி6 28 பைட். கனெக்ட் தோற்றால் சாக்கெட்டை மூடிவிட்டு ஏஐ_நெக்ஸ்ட் காட்டும் அடுத்த நோடுக்குப் போங்கள். வரிசையையும் மாற்றாதீர்கள், ஆர்எஃப்சி 6724 என்ற இணையத் தர ஆவணத்தின் விதிப்படி அது ஏற்கெனவே அடுக்கப்பட்டது. லூப் முடிந்ததும் லிஸ்டின் மெமரியை விடுவிக்க ஃப்ரீஅட்ரின்ஃபோ, ஒரே ஒரு முறை.

கெட்அட்ரின்ஃபோ தோற்றால் வழக்கமாக எரர் காட்டும் பெர்ரர் தப்பான காரணம் சொல்லும், அதற்கென்றே உள்ள ஜிஏஐ_ஸ்ட்ரெரர் போடுங்கள். லாகில் முகவரி எழுத ஐநெட்_என்டிஓஏ வேண்டாம், அது ஐபிவி4-க்கு மட்டும்; கெட்நேம்இன்ஃபோ இரண்டு வகைக்கும் பொருந்தும்.

இன்னொன்று: பதிலே தராத முகவரியில் லினக்ஸின் கனெக்ட் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும். பிரவுசர்கள் இதற்காகவே கால் நொடி போல மட்டும் பொறுத்துவிட்டு அடுத்த முகவரியையும் கூடவே முயல்கின்றன. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும்) கனெக்டையும், பதில் வரும்வரை கெடுவோடு காத்திருக்கும் poll ஃபங்ஷனையும் வைத்து, முகவரிக்கு ஐந்து நொடி கெடு கொடுத்தால் போதும்.