காலையில் முதல் பில் ஏன் விழவில்லை?

வணக்கம். புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு புடவைக் கடைக்குப் பில் போடும் புரோகிராம் ஒன்றைக் கோ (Go) மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடையின் விண்டோஸ் கணினியிலேயே புரோகிராமும் அதன் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லும் ஓடுகின்றன. இரவிலும் அணைப்பதில்லை. காலை 8.30க்குத் திறந்ததும் முதல் பில் 'இன்வேலிட் கனெக்ஷன்' என்று பிழை காட்டும். ஒன்றிரண்டு தடவை அழுத்திய பிறகு சரிவரும். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்று சொல்லும் வெய்ட்_டைம்அவுட்டை 86400 விநாடி ஆக்கினேன். திங்கட்கிழமை மட்டும் அதே பிழை. 604800 ஆக்கினேன், காலைப் பிழை நின்றது. ஆனால் இப்போது இரண்டாம் நாள் மத்தியானம் 1040, 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்று எல்லாமே நின்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற எல்லையான மேக்ஸ்_கனெக்ஷன்ஸை 500 ஆக்கலாமா? கையிருப்பு ரிப்போர்ட்டை நாளுக்கு நூறு தடவையாவது பார்ப்பார்கள். அதன் புரோகிராம் கோடையும் அனுப்புகிறேன்.

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்காதீர்கள். 500 ஆக்கினால் இதே பிழை சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் வந்து நிற்கும், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு பிழைகள். முதலாவதுக்குப் போட்ட மருந்துதான் இரண்டாவதை வெளியே கொண்டுவந்தது.

முதலில் காலைப் பிழை. வெய்ட்_டைம்அவுட் மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அவ்வளவு நேரம் சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் சேர்வர் தன் பக்கத்தில் மூடிவிடும். பின்னேரம் 6.30க்கு மூடிக் காலை 8.30க்குத் திறந்தால் இடைவெளி 14 மணி நேரம். 86400 அதைத் தாண்டிவிட்டது. ஆனால் சனி பின்னேரத்திலிருந்து திங்கள் காலை வரை 38 மணி நேரம் ஆகிறதே, அதனால்தான் திங்கள் மட்டும் தப்பவில்லை. கோவின் பூல், அதாவது மறுபடி பயன்படுத்தத் திறந்தபடி வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு, இயல்பாக இரண்டு இணைப்புகளைச் சும்மா வைத்திருக்கும். இரண்டுமே செத்துக் கிடந்தால் பிழையும் இரண்டு தடவை வரும்.

கோ புரோகிராமை மைஎஸ்கியூஎல்லோடு பேசவைக்கும் டிரைவர், 1.5 பதிப்பிலிருந்து, பூலில் இருந்து எடுத்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேள்வியை (குவெரியை) அனுப்பும். அந்தச் சோதனை லினக்ஸ், மேக் போன்றவற்றில் மட்டும்தான் உண்டு. விண்டோஸில் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு வெற்றுச் செயற்கூறு இருக்கிறது. அதனால் நீங்கள் புரோகிராம் எழுதும் மடிக்கணினி லினக்ஸாக இருந்தால் அங்கே இந்தப் பிழை பெரும்பாலும் வராது. கேள்வியை அனுப்பிய பிறகு இணைப்பு அறுந்தது தெரிந்தால் டிரைவர் தானாக மறுபடி முயலாது. அது சரியான முடிவுதான்: சேர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினால் ஒரே பில் இரண்டு தடவை பதிவாகலாம்.

சேர்வரைக் காத்திருக்கச் சொல்வது இதற்கு வழியல்ல. சேர்வர் மூடுவதற்கு முன் நாமே மூடிவிட வேண்டும். ஓர் இணைப்பின் ஆயுளைச் சொல்லும் செட்கான்மேக்ஸ்லைஃப்டைமை 3 நிமிடம் வையுங்கள். 5 நிமிடத்துக்குக் கீழே வைக்கும்படி டிரைவரின் குறிப்பே சொல்கிறது. திறந்த இணைப்புகளின் எல்லையான செட்மேக்ஸ்ஓப்பன்கான்ஸ் 10, சும்மா வைத்திருப்பவற்றின் எல்லையான செட்மேக்ஸ்ஐடில்கான்ஸும் 10. கோ மொழியில் திறந்த இணைப்புகளுக்கு இயல்பாக எல்லையே கிடையாது, ஆகவே இந்த 10ஐ நீங்கள்தான் எழுதியாக வேண்டும்.

இனி 1040. ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் கேட்கும்போதும் ஓடும் ஹேண்ட்லர் செயற்கூறுக்குள் எஸ்கியூஎல்.ஓப்பன் இருக்கிறது, குளோஸ் இல்லை. ஓப்பன் என்ற பெயர் ஆளை ஏமாற்றும். அது இணைப்பைத் திறப்பதில்லை, ஒரு புதிய பூலையே உருவாக்குகிறது. முதல் கேள்வி போகும்போதுதான் இணைப்பு உண்டாகிறது. ரிப்போர்ட் முடிந்ததும் அந்த இணைப்பு, இனி யாருமே தொடாத அந்தப் பூலுக்குத் திரும்பிப் போய்ச் சும்மா கிடக்கும். பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் கோவின் குப்பை அகற்றியும் அதைத் தொடாது, ஏனென்றால் பூலின் உள்ளே பின்னணியில் ஓடும் ஒரு கோரூட்டீன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாளுக்கு நூறு ரிப்போர்ட் என்றால் நூறு இணைப்பு. மேக்ஸ்_கனெக்ஷன்ஸின் இயல்பு அளவு 151. முன்பு 8 மணி நேரக் கெடு இரவோடிரவாக எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அதை 7 நாளாக்கியதும் குப்பை நேற்றிலிருந்து மிஞ்சுகிறது. இரண்டாம் நாள் மத்தியானம் 150ஐத் தொடுவது கணக்குக்குச் சரியாகவே வருகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? மைஎஸ்கியூஎல்லில் இணைப்புகளைப் பட்டியலிடும் ஷோ பிராசஸ்லிஸ்ட் கட்டளையைக் கொடுத்து வரிகளை எண்ணுங்கள். ரிப்போர்ட்டைப் பத்துத் தடவை திறந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். 'ஸ்லீப்' என்று பத்து வரி கூடியிருக்கும், அவற்றின் டைம் நிரல் விநாடி விநாடியாக ஏறிக்கொண்டே போகும். 1040 வந்த நேரத்திலும் நிர்வாகிக் கணக்கு ஒன்று உள்ளே வர சேர்வர் ஓர் இடம் கூடுதலாக வைத்திருக்கிறது. புரோகிராமே ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் இணைந்தால் அந்த இடத்தையும் அதுவே விழுங்கிவிடும். உங்கள் கோடில் ரூட்தான் இருக்கிறது, மாற்றுங்கள்.

எஸ்கியூஎல்.ஓப்பனை, புரோகிராம் தொடங்கும் மெயினில் ஒரே ஒரு தடவை வைத்து, அது தரும் டிபியை (பூலை) எல்லா ஹேண்ட்லர்களுக்கும் கொடுங்கள். ஹேண்ட்லருக்குள் டிஃபர் குளோஸ் (முடியும்போது மூடு) போட்டும் தப்பலாம்தான், ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் புதிதாக இணைய வேண்டிவரும். பூல் எதற்கு?

10 என்ற எல்லை வந்த பிறகு இன்னொன்று தலைகாட்டலாம். கேள்விக்கு வந்த விடை வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் ரோஸ் வளையத்தைக் கடைசி வரை ஓட்டினால் அது தானாக மூடிக்கொள்ளும். நடுவில், ஒரு வரியைப் படிக்கும் ஸ்கானில் பிழை வந்து, ரிட்டர்ன் செய்தால் மூடாது. அந்த இணைப்பு பூலுக்குத் திரும்பாது. இப்படிப் பத்து தடவை நடந்தால் 1040 வராது, பிழையே வராது, திரை அப்படியே உறைந்து நிற்கும். கேள்வி வெற்றியானதும் அடுத்த வரியிலேயே டிஃபர் ரோஸ்.குளோஸ் எழுதுங்கள். கேள்வியை அனுப்பும் குவெரிகான்டெக்ஸ்ட்டில் 5 விநாடிக் கெடுவும் வையுங்கள், உறைவதற்குப் பதில் பிழையாவது கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் வெய்ட்_டைம்அவுட்டை 28800க்கே திருப்புங்கள். சரிபார்க்கும்போது ஷோ குளோபல் வேரியபிள்ஸ் என்றே கேளுங்கள். குளோபல் என்று சொல்லாமல் கட்டளைத் திரையில் கேட்டால், உங்கள் அமர்வுக்கு, கட்டளைத் திரை அமர்வுகளுக்கான இன்டராக்டிவ்_டைம்அவுட்டில் இருந்து வந்த மதிப்பைத்தான் காட்டும்.

அன்புடன்.